கம்பிக்கால் பறவை

சாக்ரமென்டோவில் பழைய சாமான் சந்தையில் அந்த ப்ரூச்சை வாங்கினேன். கட்டைவிரல் நீளத்துக்கு மரத்தில் செதுக்கிய சிவப்புப் பறவை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு, தலையில் கொண்டை, கால்களுக்கு இரண்டு மெல்லிய கம்பிகள். "போர்க்காலத்தில் ஜப்பானியர்களை முகாமில் அடைத்தார்களே, அவர்கள் பொழுதுபோகாமல் செய்தது" என்று சொல்லிக் கொடுத்தார் விற்றவர்.

அந்தப் 'பொழுதுபோகாமல்' என்னை உறுத்தியது. பொழுது போகாதவர் முன்பக்கத்தோடு நிறுத்தியிருப்பார். இதைச் செய்தவரோ, துணியில் அழுந்தி யார் கண்ணிலும் படாத முதுகையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் பூசியிருந்தார். அப்புறம்தான் அதில் சேஃப்டி பின்னைப் பொருத்தியிருந்தார். இது யார் கை என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

கையெழுத்து இல்லை. ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்ற வழிவகுத்த அமெரிக்க அரசின் 1942 பிப்ரவரி உத்தரவுக்குப் பின் சுமார் 1,20,000 பேரைக் கொண்டுபோய் அடைத்தவை பத்து முகாம்கள். எந்த முகாம் என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பறவையே துப்புக் கொடுக்கும் என்று நினைத்தேன். அது கார்டினல், கலிஃபோர்னியாவின் டூலி லேக் பக்கமோ யூட்டாவின் டோபாஸ் பக்கமோ திரியும் பறவை அல்ல. அரிசோனாவில் உண்டு, ஆர்கன்சாவில் தாராளமாக உண்டு. மாநிலத்துக்கு இரண்டாக அங்கே நான்கு முகாம்கள். பத்து நான்காகச் சுருங்கிய மகிழ்ச்சியில் பறவை வரைபடங்களோடு நெடுநாள் உட்கார்ந்திருந்தேன். கொண்டையின் சாய்வை வைத்து ஆணா பெண்ணா, என்ன வயது என்பது வரை போனேன். வீட்டில் சிரித்தார்கள்.

தெரிந்தவர் மூலம் ஒரு மூதாட்டி கிடைத்தார். தொண்ணூறைத் தாண்டியவர், சிறுமியாக டூலி லேக்கில் இருந்தவர். என் வரைபடத்தை விரித்ததும் கையாலேயே தள்ளிவிட்டார். "வெளியே முள்வேலியும் தூசியும்தான். யார் பறவையைப் பார்த்தார்கள்? பழைய நேஷனல் ஜியாக்ரஃபிக் படங்களைப் பார்த்துச் செய்தார்கள். பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு வாத்து செதுக்கினார்கள்."

என் நான்கு முகாம்கள் அதோடு போயின. கால்களைப் பற்றிக் கேட்டேன். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தபோது ஓரத்தில் வெட்டி எறிந்த துண்டுகள் என்றார். உடல் ஏதாவது பழப்பெட்டிப் பலகையாக இருக்கும். தொடக்கத்தில் கத்தி வைத்துக்கொள்ளவே தடை. கிடைத்த இரும்பைத் தீட்டிக் கருவி செய்துகொண்டார்கள். அதற்குமேல் பறவையைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை. "அது ஆண்கள் வேலை" என்று எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார்.

உள்ளே அவர் அம்மா செய்த ப்ரூச்சுகள். அரிசியைவிடச் சற்றே பெரிய நத்தை ஓடுகளை இதழ்களாக ஒட்டிய பூக்கள். இவை எங்கே பிறந்தவை என்று கேட்கவே வேண்டியதில்லை. டூலி லேக், பேருக்கேற்ப ஓர் ஏரி. பாசனத்திட்டத்துக்காக வடித்து வயலாக்கிய படுகையில்தான் முகாம் எழுந்தது. தோண்டினால் ஓடு. டோபாஸும் அப்படித்தான், இன்னும் பழைய ஏரிப்படுகை. பறவை சொல்லாத மண்ணை நத்தை சொல்லிவிட்டது.

மூதாட்டி விவரித்ததில் பாதி நேரம் சல்லடைக்கே போனது. அதே ஜன்னல் வலையில் அப்பா சட்டம் அடித்துக் கொடுத்தாராம். மண்ணைச் சலித்து, ஓட்டை அலசி, வெளுக்க வைத்து, அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும். சமமான பன்னிரண்டு ஓடு சேர்ந்தால்தான் ஒரு பூ. அளவு பிசகினால் இதழ் கோணும். நிறத்துக்கு நகப்பூச்சு. பிரிக்கும் வேலை பிள்ளைகளுக்கு; தும்மினால் அடி விழும்.

"எங்கே போட்டுக்கொண்டு போனீர்கள்?" என்றேன். சிறைக்குள் ப்ரூச் எதற்கு என்பது எனக்கு விளங்கவே இல்லை. முறைத்தார். உணவுக்கொட்டகையில் சனிக்கிழமை நடனம், பௌத்தக் கோயில், கல்யாணம், பேஸ்பால் ஆட்டம். பெண்கள் போகிற இடம்தானே!

இந்தப் பொருட்களைப் பற்றிய பேச்சில் பொறுமை என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். டெல்ஃபீன் ஹிராசுனா 2005இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே அது இருக்கிறது. நல்ல புத்தகம், ஆனால் மூதாட்டிக்கு அந்தத் தலைப்பு ஒத்துவரவில்லை. "பொறுமையாவது! நல்ல ஓடு கிடைக்கும் இடத்தைப் பிடிக்க விடியுமுன் ஓடுவோம். அடுத்த கொட்டகைக்காரி எங்களுக்கு முன்னால் போய் நிற்பாள்."

2015இல் நடந்ததையும் பேசினோம். ஆலன் ஈட்டன் என்பவர் முகாம்களில் கண்காட்சிக்கென்று சேர்த்த பொருட்கள் நியூ ஜெர்சியில் ஏலத்துக்கு வந்தன. எதிர்ப்புக் கிளம்பி ஏலம் நின்று, அவை லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயின. சந்தோஷம்தானே என்றேன். "செய்தவர்கள் பேரை எழுதினார்களா?" என்று கேட்டார்.

அம்மாவின் பேரை மட்டும் எழுத்துக்கூட்டிச் சொன்னார். இங்கே எழுதவேண்டாம் என்றும் சொன்னார். முகாமுக்குள் நடந்த கைவினைக் கண்காட்சியில் அம்மாவுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவளோடு, முகாம் மூடிய 1946 மார்ச் வரை அம்மா பேசவில்லை.

"அவர் பேர்?"

"அவள் பேத்தி இதே தெருவில்தான் இருக்கிறாள்" என்று சொல்லி டப்பாவை மூடினார்.