கடைசி ஓரடி

அமெரிக்காவின் வட மாநிலங்களான மிச்சிகன், விஸ்கான்சின் பகுதிகளில் இலையுதிர் காலத்தில் பறவை வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு சின்ன மணியைக் கட்டிவிடுகிறார்கள். தேடிப் போவது வுட்காக் என்ற பறவையை. நம் வயல்வெளி உள்ளானுக்கு அது நெருங்கிய உறவு. ஈர மண்ணில் நீண்ட அலகைச் செருகி மண்புழு தின்னும். காய்ந்த சருகின் நிறத்திலேயே இருக்கும். அது பதுங்கும் புதர்க்காட்டில் பத்தடி தள்ளிப் போகும் நாய்கூடக் கண்ணுக்குப் படாது. மணியோசைதான் நாய் போகும் தடம். ஓசை சட்டென்று நின்றால் பறவை இருக்குமிடம் தெரிந்துவிட்டது என்று பொருள். மேய்ச்சலுக்குப் போன மாட்டின் மணி நின்றுபோனால் நாம் பதறுவோம். இவர்களோ அந்த மௌனத்துக்காகத்தான் நாள் முழுக்க நடக்கிறார்கள். இந்த வேட்டைக்காரனுக்கும் நாய்க்கும் உள்ள உறவை விசுவாசம், நன்றி என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அது போதாது என்பது என் எண்ணம். அந்த உறவின் உயிர் அடக்கத்தில் இருக்கிறது. ஒருவருக்காக ஒருவர் கடைசி அடியை எடுக்காமல் நிற்பதில் இருக்கிறது. அது மெய்யா பொய்யா என்பது நாய்க்கு வயதாகும்போதுதான் தெரியவரும்.

பாயிண்டர், செட்டர் வகை நாய்கள் செய்வதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மோப்பம் பிடித்த இரை மூக்குக்கு எதிரே, சில அடி தூரத்தில் இருக்கிறது. பாய வேண்டும், இரைபிடித்துத் தின்னும் பிராணியின் இரத்தம் அதைத்தான் சொல்லும். இந்த நாயோ ஒரு முன்னங்காலைத் தூக்கி, வாலை விறைத்துச் சிலையாகிவிடுகிறது. பாயப்போகும் விலங்கு ஒரு கணம் தயங்குமே, அந்தத் தயக்கம் நீண்டு பெருகியதே இந்த நிற்றல் என்று டார்வின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் ஊகிக்கிறார். முதல் தடவை வெளியே கூட்டிப்போன இளம் நாயே சில சமயம் இப்படி நிற்கும் என்றும் சொல்கிறார். ஆக, நிற்பது பிறவியில் வருகிறது. ஆனால் பின்னால் வருகிறவன் முள்ளை விலக்கி வந்து சேரும்வரை நின்றுகொண்டே இருப்பது பிறவியில் வருவதில்லை. பழக்கமும் நம்பிக்கையும் சேர்ந்து தருவது அது. மனிதன் பக்கம் என்ன நடக்கிறது? அவன் மூக்கில் மோப்ப உணரிகள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. காட்டுக்குள் அவன் முன்னால் போகிறவன் இல்லை, பின்னால் போகிறவன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட், அவர் இறந்த மறு ஆண்டு 1949இல் வெளிவந்த நூலில், பறவை விஷயத்தில் தன் நாய்க்கு முன் தான் மாணவனே என்று வேடிக்கையாக ஒப்புக்கொள்கிறார். வேடிக்கை என்றாலும் உண்மை. நாய் தன் பாய்ச்சலை விட்டுக்கொடுக்கிறது; மனிதன் தனக்கே தெரியும் என்ற நினைப்பை விட்டுக்கொடுக்கிறான்.

இந்தக் கூட்டுக்கு ஆயுள் குறைவு. அமெரிக்காவில் வுட்காக் வேட்டைக்கு அனுமதி ஆண்டுக்கு 45 நாள். ஒரு நாய்க்குப் பத்துப் பருவம் வாய்த்து, ஒரு நாள் விடாமல் காட்டுக்குப் போனாலும் மொத்தம் 450 நாள்தான். அதிலும் தொடக்கம் கற்பதில் போகும், முடிவு தளர்ச்சியில் போகும். கண்மணியில் நீலப் புகை படர்கிறது, இடுப்பு மூட்டு இறுகுகிறது, காது மந்தமாகிறது. மூக்குதான் பெரும்பாலும் கடைசிவரை துணை நிற்கிறது. காது போவதில் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு. வலத் தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவனுக்கும், குழல் பக்கமாக இருக்கிற இடது காதுதான் முதலில் கெடும். ஒரே சத்தம் இருவரையும் செவிடாக்குகிறது. இளம் நாய் காடு முழுவதையும் அலசும். கிழ நாய் அலைவதில்லை, மண் ஈரமாக இருக்கும் ஓரத்துக்கு நேராகப் போய்விடும். அங்கே மணி நிற்கும். போய்ப் பார்த்தால் பின்னங்கால் நடுங்கிக்கொண்டிருக்கும். சில நாய்கள் நிற்க முடியாமல் மூக்கை மட்டும் பறவைப் பக்கம் நீட்டியபடி படுத்துவிடும். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கி பரவுமுன், வலை போட்டுப் பறவை பிடித்த காலத்தில், செட்டரின் முன்னோர் வயிறு தரையில் படப் படுத்துத்தான் பறவையைக் காட்டின. ஆங்கிலேய மருத்துவர் ஜான் கேயஸ் 1570இல் லத்தீனில் எழுதிய நாய் நூலில் அந்தக் காட்சி இருக்கிறது. முதுமை அந்த நாயைத் தன் பாட்டன் தோரணைக்குக் கொண்டுபோய்விடுகிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் அழகான பேச்சு, வேட்டைக்காரனுக்கு நாய் ஒரு கருவிதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, சாட்சியும் இருக்கிறது. ஸ்பெயினில் முயல் விரட்டப் பயன்படும் கல்கோ நாய்கள் பருவம் முடிந்ததும் கைவிடப்படுவதாக விலங்கு நல அமைப்புகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கின்றன. 2023இல் அந்நாடு கொண்டுவந்த விலங்கு நலச் சட்டமோ வேட்டை நாய்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. பறவை நாய்களுக்கு இந்தக் கதி நேராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தை வீழ்த்தவில்லை; பலப்படுத்துகிறது. சேர்ந்து வேட்டையாடினாலே பாசம் தானாக முளைத்துவிடாது என்பதைத்தான் அது சொல்கிறது. வேலைக்காக மட்டும் வைத்திருந்தவன் வேலை நின்றதும் கணக்கை முடித்துவிடுகிறான். நாய் நின்ற ஒவ்வொரு முறையும் தனக்காகத்தான் நின்றது என்று உணர்ந்தவனுக்கு, தான் நிற்கவேண்டிய முறை வரும்போது தட்டிக்கழிக்க முடிவதில்லை.

இன்னொரு ஆட்சேபம்: நாய்க்கு என்ன தெரியும், இந்த உணர்ச்சியெல்லாம் மனிதன் அதன்மேல் ஏற்றிவைப்பதுதானே? இருக்கலாம். நாயின் மனத்துக்குள் புகுந்து பார்த்தவர் இல்லை. ஆனால் அதன் நடத்தை கண்ணெதிரே இருக்கிறது. அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுக்கும்போது, எழுந்திருக்கவே சிரமப்படும் நாய் வாசலில் வந்து நிற்கிறது. கூட்டிப்போவதா, விட்டுப்போவதா? விட்டுப்போனால் கதவுக்குப் பின்னால் அழும். கூட்டிப்போனால் மறுநாள் படுக்கையை விட்டு எழாது. அன்பென்றால் வீட்டில் ஓய்வு கொடுப்பதுதான் என்பார்கள். எனக்கு அது அரை உண்மையாகப் படுகிறது. எதற்காகப் பிறந்து வளர்ந்ததோ அதை ஒரேயடியாகப் பறிப்பதற்கு ஓய்வு என்று பெயர் வைக்கக் கூடாது. நடுவழி ஒன்று உண்டு: வெயில் ஏறுமுன் சமதரையில் அரைமணி நேரம்; விசிலுக்குப் பதில் கையசைவு; நாய் திரும்பிப் பார்க்கும்வரை அசையாமல் நிற்பது. பத்து ஆண்டு நாய் காத்தது, இப்போது மனிதன் காக்கிறான். மூன்று பறவை கிடைக்கவேண்டிய காலையில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகும். அந்த நஷ்டத்தை மனமறிந்து ஏற்பதுதான் அவன் எடுக்காமல் விடும் அடி.

கடைசியாக, தமிழ் வாசகருக்கு இயல்பாக எழும் கேள்வி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பறவை வேட்டையைக் குற்றமாகவே பார்த்துப் பழகிய நாட்டில் இருக்கிறோம். பறவையைக் கொல்கிறவன் நாயின் முதுமைக்கு உருகுவதில் என்ன பெருமை? பெருமை இல்லை. நாயிடம் காட்டும் கனிவு பறவையின் கணக்கை நேர்செய்துவிடாது. அதற்கு அவன் தனியாகத்தான் பதில் சொல்லவேண்டும். ஆனால் கிழ நாய்க்காகத் துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு காட்டுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். மணி நிற்கிறது, அவன் போய்ப் பக்கத்தில் நிற்கிறான், பறவை சிறகடித்து எழுந்து போய்விடுகிறது. நாய் எத்தனையோ முறை செய்த அடக்கத்தை அன்றைக்கு அவனும் செய்கிறான். அந்த ஒரு நிமிடத்தில் பறவைக்கும் பங்கு கிடைத்துவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு அடி பாக்கி இருக்கிறது. மூட்டுவலி மருந்துக்கு அடங்காத நாளில், சோறு வைத்த தட்டை நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பும் நாளில், கால்நடை மருத்துவரின் ஊசியைப் பற்றி யோசிக்கவேண்டி வரும். பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று அவசரப்படுவதும் தவறு. பிரிய மனமில்லை என்று தள்ளிப்போடுவதும் தவறு. இரண்டிலும் அவன் தன்னைத்தான் நினைக்கிறான். இங்கேயும் நாய்தான் காட்டும். எப்போது நின்றுவிட்டது என்று கவனிக்க அவன் பத்து ஆண்டு பழகியிருக்கிறான். அந்தக் கடைசி அடியை மட்டும், வழக்கம்போல, நாய் அவனிடமே விட்டிருக்கிறது.