சுவரிலும் திரையிலும் சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. சித்திரத்தைக் காண விழைந்தோரும் அச்சுவர் உள்ள இடத்தை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. இன்றோ உலகத்தின் பேரோவியங்கள் இணையத்தின் வழியே நம் உள்ளங்கைக்கு வந்து சேருகின்றன. அவ்வாறாயின், வெயிலில் அலைந்து ஓவியக்கூடங்களுக்குப் போவானேன் என்று மாணவர் கேட்பதில் வியப்பில்லை. அதற்கு விடை தேடும் குடும்பத்தினர்க்குக் கொழும்பில் மூன்றிடங்களையும் இணையத்தில் ஓரிடத்தையும் ஈண்டு காட்டுவோம்.

முதலாவது, கறுவாத்தோட்டத்தில் பார்ன்ஸ் பிளேசிலுள்ள சபுமல் பவுண்டேஷன். இஃது ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லம். 1943ஆம் ஆண்டில் கொழும்பில் ஓவியர் சிலர் கூடி, அக்காலத்துச் சம்பிரதாய முறைக்கு மாறாகப் புதுவழி காண முயன்றனர். '43 குழு' எனப் பெயர் பெற்ற அக்கூட்டத்தின் செயலாளராக விளங்கியவர் ஹரி பீரிஸே. தம் நண்பர்களின் படைப்புக்களைப் பேணிக் காத்து, யாவரும் காணுமாறு விட்டுச் சென்றார்.

வீட்டுக்கேயுரிய அமைதியோடு அறை அறையாகச் சித்திரங்கள் தொங்குகின்றன. ஜோர்ஜ் கீற்றின் துணிந்த கோடுகள் ஒருபுறம். ஜஸ்ரின் தரணியகலவின் அழுத்தமான வண்ணங்கள் மறுபுறம். ஐவன் பீரிஸ் இங்கிலாந்திலே நெடுங்காலம் வாழ்ந்தவர். ஆயினும் அவர் தூரிகை தாய்நாட்டுக் கடற்கரையை மறந்ததில்லை. பிறந்த மண்ணைவிட்டு உறவினர் அகன்று வாழும் குடும்பங்கள் அவ்வமைதியான கரைகளின்முன் சற்று நிற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கலாம். படத்தை அணுகி நின்று வண்ணத்தின் திரட்சியைப் பார்க்கட்டும். பின்னர் பத்தடி விலகி நோக்கட்டும். அருகில் வெறும் பூச்சாகத் தோன்றியது, தூரத்தில் ஒளியாகவும் உடலாகவும் மாறுவதை அவர்களே கண்டுகொள்வர்.

இரண்டாவது, பொறளையிலுள்ள கோதமி விகாரை. புத்தபெருமானின் வரலாற்றை ஜோர்ஜ் கீற் 1939-40ஆம் ஆண்டுகளில் இதன் சுவர்களிலே தீட்டினார். இது வழிபாட்டிடமாதலின் காலணிகளைக் களைந்து, அடக்கமாக நின்று காணல் வேண்டும். சுவரோடு ஒன்றிய இவ்வோவியங்கள் பார்ப்பவரைச் சூழ்ந்து நிற்பன. எத்துணைச் சிறந்த ஒளிப்படமும் அச்சூழலைத் தர மாட்டாது.

மூன்றாவது, லயனல் வென்ட் கலை நிலையம். 43 குழு உருவாவதற்குத் துணைநின்ற லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். அவர் வீடு இருந்த நிலத்திலேயே 1953இல் அரங்கு எழுந்தது. அதனோடிணைந்த கூடத்தில் அவ்வப்போது புதிய காட்சிகள் இடம்பெறும். ஓவியரே அருகில் நிற்கும் நாளில் சென்றால், தயங்காது கேள்வி கேட்கலாம். எங்கே செல்வதாயினும், திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே விசாரித்தறிதல் நன்று.

இனி, இணையத்துக்கு வருவோம். நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் றைக்ஸ் மியூசியம் என்னும் அரும்பொருட்சாலை உள்ளது. றெம்பிராண்ட் 1642இல் தீட்டிய 'இராக் காவல்' என்ற ஓவியம் அங்கேதான் இருக்கிறது. 8,439 ஒளிப்படங்களை இணைத்து, 71,700 கோடி புள்ளிகள் கொண்ட படமாக 2022இல் அதனை வெளியிட்டனர். கட்டணமின்றி எவரும் காணலாம். மஞ்சளாடைச் சிறுமியின் இடையிலே தொங்கும் கோழியைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். வண்ணத்தில் விழுந்த நுண்ணிய வெடிப்புக்களும் தெளிவாகத் தெரியும். நேரிற் சென்றவர்க்கும் இத்துணை அருகிற் பார்க்க இயலாது.

இவ்வோவியத்தின் கதை நமது பழமொழியையே புரட்டிப் போடுகிறது. 1715இல் நகர மண்டபத்துக்கு இதனைக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த சுவரிடத்துக்கு அடங்கவில்லையென்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டனர்! வெட்டுண்ட பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆயினும், வெட்டுமுன் வேறோர் ஓவியர் எழுதிய சிறு பிரதி எஞ்சியிருந்தது. அதனைக்கொண்டு, கணினியின் துணையால் அப்பகுதிகள் எவ்வாறிருந்தன என்பதை 2021இல் அமைத்துக் காட்டினர். ஆகவே பிரதி என்று இகழ்வதற்கில்லை. மூலம் அழிந்தவிடத்துப் பிரதியே சாட்சியாகும்.

ஆனால் திரை மறைக்கும் செய்தியும் ஒன்றுண்டு. 'இராக் காவல்' ஏறத்தாழ 12 அடி உயரமும் 14 அடிக்கு மேல் அகலமும் உடையது. அதில் நிற்கும் மாந்தர் ஆளளவினர். கைத்தொலைபேசியிலோ அவர்கள் விரலளவினர். ஆளளவு என்பது யாதென்று ஒரு சுவரின்முன் நின்று உணர்ந்த கண்ணே, திரையிற் காணும்போதும் அவ்வளவை மனத்தால் கூட்டிப் பார்க்கும். அப்பழக்கமில்லாத கண்ணுக்கு எல்லாச் சித்திரமும் தபால்தலையே.

ஆதலின் முதலில் அயலிலுள்ள சுவர்களுக்குச் செல்வோம். ஓவியக்கூடம் செல்வர்க்கும் கற்றோர்க்கும் மட்டும் உரியது என்ற கூச்சம் வேண்டா. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில் சித்திரங்களைக் காப்பது எளிதன்று. காண வருவோர் குறைந்தால் காப்போர் ஊக்கமும் குறையும். ஒரு விடுமுறை நாளில் ஒரே கூடம், ஒரே சித்திரத்தின்முன் கால்மணி நேரம் என்று தொடங்கினாற் போதும். வீடு திரும்பிய பின்னர், கண்டதை ஒவ்வொருவரும் சொல்லட்டும். ஒரே படத்தை நால்வர் நால்விதமாகக் கண்டிருப்பதைக் கேட்பதே அன்றிரவின் நல்விருந்தாகும்.