கேமரா சிவனைத் தேடுது!

எங்க பெரியப்பா ஒரு அர்ச்சுனன். நிஜமாத்தான் பாஸ்!

வருஷத்துல பாதி நாள் நெல்லு, மல்லாட்டைனு வயல்லயே கிடப்பார். பங்குனி பொறந்துட்டா போதும்... முகத்துல அரிதாரம், தோள்ல புஜகீர்த்தி, தலையில கிரீடம்னு ஆளே மாறிடுவார். வந்தவாசிப் பக்கம் இருக்கிற எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் முப்பது வருஷமா அவர்தான் அர்ச்சுனன்.

திருவிழாவில் 'அர்ச்சுனன் தபசு'னு ஒரு நாள் வரும். பாசுபத அஸ்திரம் வேணும்னு சிவனை நினைச்சு அர்ச்சுனன் தவம் இருக்கிற கதை. கோயிலுக்கு எதிரே இருக்கிற திடல்ல 60 அடி உயரத்துக்குத் தபசு மரம் நட்டிருப்பாங்க. ஒவ்வொரு படியிலும் நின்னு பாடிக்கிட்டே பெரியப்பா ஏறுவார். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் கீழே போடுவார். குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் மடியேந்தி நிப்பாங்க. அந்த நிமிஷம் ஊரே மேலே பார்க்கும்.

2024-ல திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி பெரியப்பா போன் பண்ணினார். "தம்பி, அடுத்த வருஷம் ஏறுவேனா மாட்டேனான்னு தெரியல. முட்டி கடக் கடக்னு பேசுது. இந்த வருஷம் நீ வந்து வீடியோ புடிச்சிடு."

58 வயசு மனுஷன் முதல் தடவையா என்கிட்ட ஒண்ணு கேட்கிறார். விட முடியுமா? மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிற நான், காலேஜ் ஃபிலிம் கிளப்பில் வீடியோ கேமராவைக் கடன் வாங்கினேன். டிரைபாட்? 'மூணு கால் இருந்தா நிக்கப் போகுது... இதுல என்ன இருக்கு'னு 1,800 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கிட்டேன். போட்டோ எடுக்கிறவங்களுக்கான லேசான டிரைபாட். பெட்டி மேல '5 கிலோ தாங்கும்'னு போட்டிருந்துச்சு. என் கேமரா மைக், பேட்டரியோட 2.2 கிலோதான். அப்புறம் என்ன கவலை?

கவலை மரத்து உச்சியில காத்துக்கிட்டு இருந்துச்சு!

பெரியப்பா உச்சிக்குப் போயிட்டார். கேமரா 35 டிகிரி அண்ணாந்து அவரைப் பார்த்துட்டு இருக்கு. நான் லாக்கை முறுக்கிட்டு, நெத்தி வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தேன். அவ்வளவுதான்... கேமரா மெல்ல மெல்லப் பின்னாடி சாய்ஞ்சிருக்கு. நானும் ஊரோட சேர்ந்து மேலே பார்த்துட்டு இருந்ததால கவனிக்கலை.

ராத்திரி வீட்டு டி.வி-யில போட்டுப் பார்த்தா... நீல வானம். ஒரு காக்கா. பின்னணியில பெரியப்பா பாட்டு. 40 விநாடி இதேதான். வீடே சிரிச்சுச்சு. பெரியப்பாவும் சிரிச்சார்.

"டேய்... பாசுபதம் கேட்டுத் தபசு பண்றவன் நானு. உன் கேமரா எதுக்குடா சிவனைத் தேடிக்கிட்டுப் போவுது?"

எல்லாரும் தூங்கப் போனதும் அவரே ரிமோட்டை எடுத்து, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். "நான் பழம் போடுறது இதுல இல்லியா?"

"இல்ல பெரியப்பா."

"சரி, வுடு."

அந்த 'சரி, வுடு' இருக்கே... திட்டியிருந்தாக்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது!

காலேஜுக்குத் திரும்பினதும் முதல் வேலையா அந்த டிரைபாட்டைக் கழட்டிப் போட்டேன். மூணு வருஷமா 'மாஸ், டார்க், டேம்பிங்'னு பரீட்சை எழுதின எனக்கு, அதெல்லாம் கையிலயே இருந்தும் உறைக்கலையேனு வெட்கமா இருந்துச்சு.

முதல்ல தலைக்கு வருவோம். டிரைபாட்ல கேமரா உட்காருற இடத்துக்குப் பேர் 'ஹெட்'. போட்டோவுக்கு ஹெட் நின்னா போதும். வீடியோவுக்கு அது நகரணும். நகரும்போது குதிக்கக் கூடாது. வீட்டுல பீரோவைத் தள்ளியிருக்கீங்களா? தள்ளத் தள்ள நகராது... திடீர்னு 'டக்'குனு ஒரு அடி போகும். வெறும் உராய்வை நம்பி இருக்கிற ஹெட் அப்படித்தான். நாம மெதுவா திருப்புறோம்னு நினைப்போம். வீடியோவில் பார்த்தா விக்கல் எடுத்த மாதிரி இருக்கும்.

'ஃப்ளூயிட் ஹெட்'டில் அசையுற தட்டுகளுக்கு நடுவுல கெட்டியான திரவம் இருக்கும். தேன் பாட்டில்ல ஸ்பூனை விட்டுக் கலக்கிப் பாருங்க. மெதுவா கலக்கினா சுலபமா வரும், வேகமா கலக்கினா எதிர்க்கும். அதனால கை நடுங்கினாலும் அந்தத் திடீர் அசைவை மட்டும் திரவம் விழுங்கிடும். 1940-கள்ல ஆஸ்திரேலியாவில் எரிக் மில்லர்ங்கிறவர் கொண்டுவந்த ஐடியா இது. இன்னிக்கும் கிரிக்கெட் மேட்ச்ல பந்து பின்னாடியே வழுக்கிட்டுப் போற கேமராக்களுக்குக் கீழே இருக்கிறது இந்தச் சங்கதிதான். ஒரு எச்சரிக்கை: 'ஃப்ளூயிட்'னு ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவி விற்கிறதும் உண்டு. ஸ்டிக்கரை நம்பாதீங்க, விரலை நம்புங்க. ஒரே விரலால கைப்பிடியைத் தள்ளிப் பாருங்க. 'டக்'குனு குதிச்சுக் கிளம்பினா... வேண்டாம்.

சரி, என் கேமரா ஏன் சிவனைத் தேடிப் போச்சு? கேமராவோட எடை, சாயுற அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கு. நேரா இருக்கும்போது பிரச்னை இல்லை. அண்ணாந்து பார்க்க வெச்சா, எடை அச்சைத் தாண்டிப் பின்னாடி போயிடும். 2.2 கிலோ, அச்சுக்கு மேலே 8 சென்டிமீட்டர், 35 டிகிரி சாய்வு... கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 1 நியூட்டன் மீட்டர். 20 சென்டிமீட்டர் கைப்பிடியோட நுனியில அரை கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்ட மாதிரி! அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் திருகு மணிக்கணக்கா பிடிச்சு வெச்சுக்கணும்னு நான் எதிர்பார்த்திருக்கேன்.

நல்ல வீடியோ ஹெட்டுக்குள்ளே இதுக்குன்னே ஒரு ஸ்பிரிங் இருக்கும். 'கவுன்ட்டர்பேலன்ஸ்'னு பேர். கேமரா எவ்வளவு விழப் பார்க்குதோ, அவ்வளவு எதிர்ப்பக்கம் இழுக்கும். இங்கதான் பெட்டி மேல இருக்கிற நம்பர் நம்மள ஏமாத்துது. '10 கிலோ தாங்கும்'னா 10 கிலோ வெச்சா உடையாது, அவ்வளவுதான். 10 கிலோவுக்கான ஸ்பிரிங் மேல 2 கிலோ கேமராவை வெச்சா, நாம சாய்க்கச் சாய்க்க அது எழுந்து எழுந்து நிக்கும். அதனால பெருசா வாங்கினா நல்லதுனு நினைக்காதீங்க. எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரைக்கும்னு பாருங்க. ஸ்பிரிங்கைப் படிப்படியா மாத்துற வசதி இருந்தா இன்னும் நல்லது.

கடையில பரீட்சை சிம்பிள். உங்க கேமராவையே கொண்டுபோங்க. முதல்ல தட்டை முன்னே பின்னே நகர்த்தி, நேரா நிக்கும்போது மூக்கு தாழாம, வால் தாழாம வெச்சுக்குங்க. அப்புறம் 35 டிகிரி சாய்ச்சு, லாக் போடாம கையை எடுங்க. பின்னாடி விழுந்தா ஸ்பிரிங் பத்தலை. தானா நிமிர்ந்தா ஸ்பிரிங் அதிகம். விட்ட இடத்துலயே நின்னா... அதான் உங்க ஜோடி!

இப்போ கால். தலைக்குக் காசைக் கொட்டிட்டுக் காலில் மிச்சம் பிடிக்கிறது எல்லாரும் பண்ற தப்பு. ஒரு கணக்கு சொல்றேன். முழு ஜூம்ல பிரேம் அகலம் 5 டிகிரினு வெச்சுக்குங்க. அந்த 5 டிகிரியும் 1,920 பிக்ஸல்ல விரியுது. கால் வெறும் 0.1 டிகிரி முறுக்கிக்கிட்டாலே படம் 38 பிக்ஸல் தள்ளிப் போயிடும். 20 சென்டிமீட்டர் கைப்பிடியோட நுனியில அது அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. கண்ணுக்கே தெரியாது, ஆனா டி.வி-யில் பெரியப்பா பேயாட்டம் ஆடுவார்!

அதனால ஈரத்துணியைப் பிழியுற மாதிரி டிரைபாட் உச்சியைப் பிடிச்சு முறுக்கிப் பாருங்க. நெளிஞ்சா வேண்டாம். மெல்லிசா ஒத்தைக் குழாயா இருக்கிற காலைவிட, இரட்டைக் குழாய் கால் முறுக்குக்கு நல்லா ஈடுகொடுக்கும். கார்பன் ஃபைபர் எடை கம்மி, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும்... விலையைப் பார்த்தா நமக்குத்தான் அதிர்வு வரும். அலுமினியமே போதும். நடுவுல ஒரு கம்பு மேலே ஏறுமே, அதை முழுசா தூக்கினா மூணு கால் ஒத்தைக் காலாயிடும். தூக்காதீங்க.

முக்கியமா உச்சியில கிண்ணம் மாதிரி குழி இருக்கான்னு பாருங்க. 75 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர்னு அளவு சொல்வாங்க. ஹெட்டோட அடிப்பக்கம் அரைப் பந்து மாதிரி அதுல உட்காரும். கீழே இருக்கிற பிடியைத் தளர்த்தி, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினா, அஞ்சு விநாடியில மட்டம்! தட்டையான உச்சின்னா ஒவ்வொரு காலா ஏத்தி இறக்கிட்டு இருக்கும்போதே இங்க கூத்து முடிஞ்சிடும். மட்டம் இல்லாம கேமராவைத் திருப்பினா, ஊரே ஒருபக்கமா சரிஞ்சு போற மாதிரி தெரியும். ஹெட் அளவும் கிண்ணத்து அளவும் ஒண்ணா இருக்கணும்கிறதை மறந்துடாதீங்க.

கால்களை இழுத்துப் பிடிக்கிற 'ஸ்பிரெடர்' ரெண்டு வகை. தரையோட படுத்திருக்கிறது ஆடிட்டோரியத்துக்கு ஓகே. எங்க ஊர் திடல் மாதிரி மேடு பள்ளத்துக்கு, காலுக்கு நடுவுல இருக்கிறதுதான் சரி. அடியில ரப்பரைக் கழட்டினா ஆணி மாதிரி கூர் இருந்தா, மண்ணுல குத்தி நிறுத்திடலாம்.

இவ்வளவும் படிச்சு முடிச்சப்போ எனக்குப் புரிஞ்சது ஒரே வரி. தலையைக் கேமராவைப் பார்த்து வாங்கணும். காலைத் தரையைப் பார்த்து வாங்கணும். நான் ரெண்டையும் பெட்டியைப் பார்த்து வாங்கியிருந்தேன்!

"மச்சி, கிம்பல் வாங்கிடு. எதுக்கு இந்தச் சுமை?"னு ரூம்மேட் கேட்டான். நடந்துக்கிட்டே எடுக்கக் கிம்பல் சூப்பர். ஒரு மணி நேரம் ஒரே இடத்துல முழு ஜூம்ல நிக்கணும்னா, நம்ம கை தபசு மரம் இல்லையே!

வடபழனியில வாடகைக்குக் கிடைச்ச மூணு ஹெட்டை எடுத்துப் பார்த்துட்டு, என் கேமராவுக்கு எது ஜோடினு தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் தேடவே ஆரம்பிச்சேன். கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு அண்ணன்கிட்ட இரட்டைக் குழாய் கால் 6,000 ரூபாய்க்குக் கிடைச்சுச்சு. செகண்ட் ஹேண்ட் ஃப்ளூயிட் ஹெட் 9,500 ரூபாய். இந்தப் பத்திரிகையில இன்டர்னா இருந்து ஆறு மாசம் சேர்த்த காசு 12,000. மிச்சத்துக்கு சைக்கிளை வித்தேன். மொத்த எடை ஆறு கிலோ. வந்தவாசி பஸ்ல கண்டக்டர் பையை மேலும் கீழும் பார்த்துட்டு, "இன்னா தம்பி, பீரங்கியா?"னு கேட்டு லக்கேஜ் போட்டார்!

2025 திருவிழா. ஊருக்குள்ளே இறங்கினதும் பெரியம்மா சொன்னாங்க. "டாக்டர் ஏறக் கூடாதுன்னுட்டாருப்பா. அண்ணன்தான் ஏறப் போவுது."

அண்ணன்னா, பெரியப்பா மகன். ஸ்ரீபெரும்புதூர்ல ஷிஃப்ட் பார்க்கிறவன். லீவு போட்டுட்டு வந்திருந்தான். நான் பீரங்கியைத் தோள்ல வெச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். சைக்கிளை வித்தது யாருக்காக? அந்த 40 விநாடியை எந்த ஹெட்டும், எந்தக் காலும் திருப்பித் தராதுனு அப்போதான் முழுசா உறைச்சுது.

பெரியப்பா என்கிட்ட வந்தார். கைப்பிடியைத் தொட்டு ஒரு தடவை மேலே கீழே அசைச்சுப் பார்த்தார். "வெண்ணெ மாதிரி போவுதே... பையன் ஏறுறதைப் புடி. வுட்டுடாத."

கூர்களை மண்ணுல குத்தினேன். நடுவுல ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டேன். குமிழ் நடுவுக்கு வந்துச்சு. பிரேம்ல முதல்ல மரத்தோட அடி. பெரியப்பா ஒரு கையால மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அண்ணன் முதல் படியில காலை வெச்சான். அவனுக்கு வரி மறந்தப்போ, கீழேருந்து பெரியப்பா எடுத்துக் கொடுத்தார். நான் மெதுவா கேமராவை உயர்த்திக்கிட்டே போனேன். படி படியா... விக்கல் இல்லாம... உச்சி வரைக்கும்.

அண்ணன் முதல் பழத்தை எடுத்துக் கையை நீட்டினான். நான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். கேமரா விட்ட இடத்துலயே நின்னுச்சு.

பழம் எல்லாம் போட்டு முடிச்சதும், மறுபடி கைப்பிடியைப் பிடிச்சு, வந்த வழியே மெல்லக் கீழே இறக்கினேன். மரத்தடியில பெரியப்பா இன்னும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தார். ஒரு பழத்தை அவரே துண்டுல பிடிச்சு வெச்சிருந்தார்.

அன்னிக்கு ராத்திரி அந்த டி.வி-யில அதை மூணு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசலை. நாலாவது தடவை ரிமோட்டை என்கிட்ட கொடுத்துட்டு எழுந்தார்.

"அடுத்த வருஷமும் இந்தப் பீரங்கியை எடுத்தாந்துடு. பையனுக்குப் பாட்டு இன்னும் சரியா வரல!"