நிறம் தோய்ந்த எழுத்துகள்

தமிழில் ‘க’ என்னும் எழுத்தை எண்ணும்போதெல்லாம் என் மனக்கண்ணில் செங்காவி படர்கிறது. ‘ம’ பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். ‘த’ காய்ந்த பனையோலையின் நிறம். இவற்றை எவரும் எனக்குக் கற்பித்ததில்லை. நானாக வலிந்து புனைந்துகொண்டதுமில்லை. ஒரு புலன் தூண்டப்பட, தொடர்பில்லாத வேறோர் உணர்வும் உடனெழும் இவ்வியல்பைப் புலனிணைவு என்கின்றனர். ஆங்கிலப் பெயர் சினஸ்தீசியா. 1883-இல் வெளிவந்த தம் நூலில் பிரான்சிஸ் கால்டன் இத்தகையோர் பலரின் கூற்றுகளைத் திரட்டித் தந்தார். இது நோயன்று.

இவ்வியல்புடையவன் அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகுந்தால் அந்நிறங்கள் என்னாகும்? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகையோருக்குப் பழைய ஸ்லாவிய எழுத்துமுறையான கிளகோலிதியின் எழுத்துகளைக் கொடுத்து, தாம் அறிந்த எழுத்துகளுக்குப் பதிலாக எழுதப் பழக்கினர். ஏறத்தாழப் பத்து நிமிடப் பயிற்சியிலேயே பழைய எழுத்தின் நிறம் புதிய எழுத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதாம். ஆனால் அங்கே ஒவ்வொரு புதிய எழுத்துக்கும் ஒரு பழைய துணை இருந்தது. அரபியில் அந்த வசதி நமக்கில்லை.

இதயத்தைக் குறிக்கும் சொல்லையும் நாயைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கல்பு’ என்றே நிற்கும். அரபியில் முன்னதன் காஃப் உள்நாக்கையொட்டி ஆழத்தில் பிறப்பது; பின்னதன் காஃப் அதற்குச் சற்று முன்னே பிறப்பது. இறைவனிடம் இதயத்தை ஒப்படைத்து இறைஞ்சுவோன் இவ்வேறுபாட்டைத் தவறவிட்டால் பொருள் எங்கே போய் நிற்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மதரஸாவில் சேர்ந்த புதிதில் இவ்விரண்டும் எனக்கு ஒரே செங்காவியாகவே தோன்றின. வடிவில் அவை வெவ்வேறாயினும், நிறம் ஒலியைப் பற்றிக்கொண்டிருந்தது. என் செவியோ தமிழ்ச் செவி. உஸ்தாத் மாதக்கணக்கில் மக்ரஜ் பயிற்சி தந்து என் தொண்டையைத் திருத்திய பின்னரே ஆழ்ந்த காஃப் மெல்லக் கறுத்து, உலர்ந்த பேரீச்சையின் நிறமாயிற்று. நா கற்றதை நிறம் பின்தொடர்ந்தது. நிறம் நாவுக்கு வழிகாட்டவில்லை. பிரிந்த பிறகோ அது நல்ல காவலாளி. இன்று மாணவர் ஓதுகையில் ஒலி பிறழ்ந்தால், செவிக்கு முன்னே நிறம் எனக்குச் சொல்லிவிடுகிறது.

சொற்களில் வேறொரு தொல்லை. முதலெழுத்தின் நிறமே சொல் முழுவதற்கும் ஏறுவது இத்தகையோரிடம் பரவலாகக் காணப்படுவது. எனவே எனக்குக் கிதாபும் காதிபும் செங்காவி, மக்தபோ மஞ்சள். மூன்றுக்கும் மூலம் காஃப், தா, பா என்பதை நிறம் அறியாது. மாறாக, உறவே இல்லாத முஅல்லிமும் மக்தபும் ஒரே மஞ்சளில் தோளோடு தோள் நின்றன. ஸர்ஃபு பாடங்கள் ஊறிய பின்னரே முன்னொட்டான மீமின் மஞ்சள் வெளிறி, உள்ளிருந்த காஃபின் காவி துலங்கிற்று. இப்னு மன்ளூரின் லிஸானுல் அரபு மூலத்தின் இறுதி எழுத்தைக்கொண்டு சொற்களை அடுக்குவது. முதலெழுத்தை நம்பிப் புரட்டுவோரை அலைக்கழிப்பதில் அதற்கு நிகரில்லை. எனக்கோ அது மருந்தாயிற்று.

நினைவாற்றலுக்கு இவ்வியல்பு துணை என்பதை நான் மறுக்கவில்லை. ரஷ்ய உளவியலறிஞர் லூரியா 1968-இல் எழுதிய நூலின் நாயகர் ஷெரெஷெவ்ஸ்கி, இத்தாலி மொழி அறியாமலே தாந்தேயின் காவியத் தொடக்கத்தை மனனம் செய்து, 15 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒப்பித்தவர். ஆயினும் சாதாரணப் பத்தியொன்றை வாசித்தால், ஒவ்வொரு சொல்லும் எழுப்பிய காட்சிகள் முட்டி மோதிப் பொருளை மறைத்தனவாம். பொருளறியாது மனனம் செய்வோர் மிகுந்த நம் சமுதாயத்தில் அவர் கதை கவனிக்கத்தக்கது.

தஜ்வீத் விதிகளை வண்ணங்களால் காட்டும் குர்ஆன் பதிப்புகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் பெரும்பாலோருக்கு அவை பயனுடையவையே. என் ஹிஃப்ளு வகுப்பில் ஒரு சிறுவன் மட்டும் அப்பிரதியில் தயங்கித் தயங்கி ஓதினான். சோம்பல் என்றனர் வீட்டார். வகுப்பைவிட்டு நிறுத்தவும் எண்ணினர். தனியே அழைத்து வினவினேன். “ஹஜ்ரத், நூன் நீலமல்லவா? இதில் பச்சையாகப் போட்டிருக்கிறார்களே!” என்றான். உள்நிறத்துக்கு மாறான மையில் எழுத்தைக் கண்டால் இத்தகையோர் தடுமாறுவதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. அவன் தந்தையை வரவழைத்து விளக்கிவிட்டு, கறுப்பு மையில் மட்டும் அச்சிட்ட பிரதியொன்றை அவன் கையில் கொடுத்தேன். இப்போது பதினேழாம் ஜுஸ்உ ஓதிக்கொண்டிருக்கிறான்.