வேறு வண்டியின் என்ஜின்

ஒரு மோட்டார் சைக்கிளின் சேஸில் வேறு என்ஜினை ஏற்றுவது பழைய வண்டிகளில் எளிதாக இருந்ததற்கு மெக்கானிக்கின் கைத்திறன் மட்டும் காரணமல்ல. அவற்றில் என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. நடுவே ஒரு செயின். என்ஜினை இறக்கினாலும் கியர் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் இந்த வகை. அதனால்தான் இந்தியாவில் என்ஜின் மாற்றம் என்றதும் டீசல் புல்லட் நினைவுக்கு வருகிறது.

பம்ப்செட்டிலும் ஜெனரேட்டரிலும் ஓடிய ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின்களைப் பட்டறைக்காரர்கள் புல்லட்டில் ஏற்றினார்கள். டீசல் பெட்ரோலைவிட மிக மலிவாகக் கிடைத்த காலம் அது. பிறகு என்ஃபீல்டு நிறுவனமே 325 சி.சி. கிரீவ்ஸ் லம்பார்டினி என்ஜினை வைத்து ‘டாரஸ்’ என்று விற்றது. 350 சி.சி. பெட்ரோல் புல்லட்டுக்கு 18 குதிரைசக்தி, டாரஸுக்கு ஆறரை. மணிக்கு 65 கி.மீ.யைத் தாண்டத் திணறும்; ஆனால் லிட்டருக்கு 70 கி.மீ.க்கு மேல் கொடுக்கும். டீசல் என்ஜின் குறைந்த சுற்றிலேயே தன் எல்லையைத் தொட்டுவிடுவதால், பெட்ரோல் வண்டியின் ஸ்ப்ராக்கெட்டை அப்படியே விட்டால் டாப் கியரிலும் வண்டி ஊரும். ஆகவே என்ஜின் பக்க ஸ்ப்ராக்கெட்டில் பற்களைக் கூட்ட வேண்டும். அதிர்வுக்கு மட்டும் யாரிடமும் முழு மருந்து இல்லை. 2000ஐ ஒட்டி மாசு விதிகள் இறுகியபோது டாரஸ் நின்றுபோனது.

இங்கிலாந்தில் என்ஜின் மாற்றத்தைத் தூண்டியது சிக்கனமல்ல, வேகம். 1950இல் வந்த நார்ட்டனின் ‘ஃபெதர்பெட்’ சேஸ் வளைவில் உறுதியாக நிற்கும். அன்றைய 500 சி.சி. கார் பந்தயக்காரர்களுக்கு நார்ட்டனின் என்ஜின் மட்டுமே வேண்டும். நிறுவனமோ அதைத் தனியாகத் தராது. முழு வண்டியையும் வாங்கி என்ஜினை எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய சேஸ்களில் டிரையம்பின் இரட்டைச் சிலிண்டர் என்ஜின் ஏறியது. இரு பெயரும் சேர்ந்து ‘டிரைட்டன்’ ஆனது. அந்த நார்ட்டன் 2020 ஏப்ரலில் ஓசூர் டி.வி.எஸ். மோட்டாரின் கைக்கு வந்துவிட்டது.

இன்றைய வண்டிகளில் என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடக்கம். ஃபவுண்டேஷன் போல்ட் துளைகள் ஒத்துவராவிட்டால் தகடு வெட்டி, வெல்டிங் வைத்து, புதுத் துளை போடலாம். லேத் பட்டறைகள் நிறைந்த ஓசூரில் அது பெரிய வேலையே அல்ல. தொல்லை அதற்குப் பிறகுதான். என்ஜின் ஸ்ப்ராக்கெட்டும் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினாலும் செயின் காட்டிக்கொடுத்துவிடும்: தட்டுகளின் உட்புறம் ஒரு பக்கம் மட்டும் உராய்ந்து பளபளக்கும், பற்களும் ஒரு பக்கமாகவே தேயும். இதைப் பார்க்காமல் கூடுதல் குதிரைசக்தியைப் பற்றியே பேசுபவர்கள்தான் அதிகம். பிரேக்கும் ஃபோர்க்கும் பழைய என்ஜினின் வேகத்துக்கும் எடைக்கும் செய்யப்பட்டவை என்பதும் அந்தப் பேச்சில் வராது.

ஒரே என்ஜினைப் பல சேஸில் முறையாக ஏற்றியதற்கு ஓசூரிலேயே சான்று உண்டு. பி.எம்.டபிள்யூ.வும் டி.வி.எஸ்ஸும் பகிர்ந்துகொண்ட 312 சி.சி. என்ஜின் ஜி 310 ஆர், ஜி 310 ஜி.எஸ்., 2017 டிசம்பரில் வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310, 2023இல் வந்த ஆர்டிஆர் 310 ஆகியவற்றில் ஓடியது. அதன் சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்தது. காற்று முன்புறம் நுழையும், புகை பின்புறம் வெளியேறும். இதனால் என்ஜினை முன்சக்கரத்தை ஒட்டி வைத்து, ஸ்விங் ஆர்மை நீளமாக்க முடிந்தது. இதே என்ஜினைச் சாதாரண சேஸில் திணித்தால் சைலன்சர் குழாய்க்கும் ஏர் ஃபில்டருக்கும் இடம் தலைகீழாகிவிடும். ஆலையில் சேஸும் என்ஜினும் ஒன்றையொன்று பார்த்தே வரையப்படுகின்றன; பட்டறைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தபின் இசியூ, சென்சார், வயரிங் எல்லாம் என்ஜினோடு சேர்ந்தே வந்தாக வேண்டும்.

எல்லாம் பொருந்தினாலும் சட்டம் பொருந்தாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.க்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் கேஸுக்கோ பேட்டரிக்கோ மாறுவதற்கு வழி உண்டு. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கெட்டுப்போன என்ஜினுக்குப் பதில் அதே வகை என்ஜினை வைத்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும்.

ஓசூர்க்காரர்களுக்கு இது வெறும் காகித விஷயமல்ல. எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி வேலைக்குப் போய் அங்கேயே குடியேறினால், 12 மாதத்துக்கு மேல் ஓடும் வண்டியைக் கர்நாடகத்தில் மறுபதிவு செய்தாக வேண்டும். அங்கே ஆய்வாளர் முதலில் குனிந்து பார்ப்பது சேஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும்தான். எல்லையின் எந்தப் பக்கத்தில் பழைய வண்டி வாங்கினாலும், இந்த இரண்டு எண்களையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.