பேன் மருந்துச் சீட்டு

மெடிக்கல்ல எனக்கு முன்னாடி ஒரு அக்கா. கையில டாக்டர் சீட்டு.
மூணு பிள்ளைங்க தலையிலயும் பேனாம்.

விலையைக் கேட்டாங்க.
"ஒரு பாட்டில் மட்டும் குடுங்க தம்பி, பெரியவளுக்குப் போட்டுக்குறேன்."

மனசே கேக்கல.

பெரியவளுக்கு மட்டும் போட்டா, பக்கத்துல படுக்குற தங்கச்சி தலையிலேர்ந்து திரும்ப ஏறிடும். குடுத்த காசும் வீண்.

சீட்டுல கம்பெனி பேருக்குப் பதிலா 'பெர்மெத்ரின் 1% லோஷன்'னு இருந்தா, இருக்கறதுலயே விலை குறைஞ்சதைக் கேட்டிருப்பாங்க. பொதுப்பெயர்ல எழுதணும்னு இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 விதியிலயே இருக்கு.

இன்னொண்ணு. இந்த லோஷன் ஈரை முழுசாக் கொல்லாது. 9 நாள் கழிச்சு மறுபடி போடணும். அதை நர்ஸ் முதல்லயே சொல்லிட்டா, "மருந்து கேக்கல"ன்னு இன்னும் விலை கூடுனதைத் தேடி ஓட வேண்டாம். கூடவே பேன் சீப்பால ஈரத்தலையை வாரச் சொல்லலாம், அதுக்குச் செலவே கம்மி.

பேனுன்னாலே நம்ம ஊர்ல கூச்சம். "விலை கம்மியா எழுதுங்க"ன்னு அம்மாக்கள் வாய் திறக்க மாட்டாங்க.

டாக்டர் நண்பர்களே, எழுதறதுக்கு முன்னாடி "வீட்ல எத்தனை பேருக்கு இருக்கு, வாங்க முடியுமாம்மா?"ன்னு நீங்களே கேப்பீங்களா?