அண்ணாச்சி கடை மக்ரூன்

பேக்கரியைக் கண்டால் குழந்தைகளுக்குக் குஷி பிறக்கும். எங்களுக்கோ வயிற்றைக் கலக்கும்! நானும் இவரும் ஏதாவது பேச்சுக் கொடுத்து, பெண்ணை வேறு பக்கம் பார்க்க வைத்து விடுவோம்.

காரணம் இருக்கிறது. அவளுக்கு நாலு வயதில் 'சீலியாக்' நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம், இவர்களுடைய சிறுகுடலைப் பாழாக்கி விடுகிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, வளர்த்தியும் குறையும். ஆயுசுக்கும் கோதுமையை ஒதுக்குவதுதான் வைத்தியம். கோதுமை என்றால் சப்பாத்தி மட்டும்தானா? மைதா, ரவை, சேமியா எல்லாம் அதே வம்சம்தான். பெருங்காயத்தில்கூடப் பல சமயம் மைதா கலந்திருக்கும். நல்ல வேளை, இட்லியும் தோசையும் இருக்கின்றனவோ, பிழைத்தோம்!

2022 மே விடுமுறையில் மதுரையிலிருந்து காரில் திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பிக் கொண்டிருந்தோம். அப்போது அவளுக்கு ஏழு வயது. தூத்துக்குடியில் ஒரு சந்துக்குள் இவர் வண்டியை நிறுத்தினார். "மக்ரூன் வாங்காமப் போனா அம்மா வீட்டுக்குள்ளேயே விட மாட்டாங்க!" என்றார்.

பழைய காலத்துச் சின்ன பேக்கரி. கண்ணாடி ஜாடிக்குள் குட்டிக் குட்டிக் கோபுரங்களாக, வெள்ளை வெளேரென்று மக்ரூன்.

"அண்ணாச்சி, இதுல என்னவெல்லாம் போடுவீங்க?"

"மூணே சாமான்தாம்மா. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. மைதா பேச்சே கிடையாது."

மகள் என் முந்தானையை இழுத்தாள். "அப்போ நான் சாப்பிடலாமாம்மா?"

அவள் உடம்பைப் பற்றிச் சொன்னேன். ஜாடிக்குள் விட்ட கையை அண்ணாச்சி வெளியே எடுத்து விட்டார்.

"அப்படின்னா புள்ளைக்கு இங்க வாங்காதீங்கம்மா. பன்னும் ரொட்டியும் இதே அடுப்புலதான் வேகுது. மாவு பறக்கிற எடம். ஒரு துளி ஒட்டுனாலும் ஒட்டுனதுதானே?"

விற்க உட்கார்ந்திருப்பவர் 'வாங்காதே' என்கிறார்! குழந்தையின் முகம் வாடியதைப் பார்த்ததும், "அழாத தாயி. உங்கம்மாவுக்குச் சொல்லித் தாரேன், வீட்டுலயே போட்டுத் தருவாங்க" என்று, வாடிக்கையாளர்களைக் காக்க வைத்துவிட்டுப் பக்குவம் சொன்னார்.

இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. நன்றாக நுரைக்க அடித்து, 100 கிராம் பொடித்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடிக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழக்கூடாது, அதுதான் பதம். 100 கிராம் முந்திரியை எண்ணெய் விடாமல் விட்டு விட்டுப் பொடித்து, நுரை அமுங்காமல் கரண்டியால் மெதுவாகக் கலக்க வேண்டும். காகிதத்தைக் கூம்பாகச் சுற்றி, அதில் போட்டுத் தட்டில் பிழிந்தால் கோபுரம் தயார். வீட்டு ஓவனில் 110 டிகிரியில் சுமார் ஒன்றரை மணி நேரம். இது வேகுவதல்ல, காய்வது. அணைத்த பிறகும் உள்ளேயே ஆற விட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்து விடும்.

ஐரோப்பாவில் மக்ரூனுக்குப் பாதாம் போடுவார்கள். நம் தூத்துக்குடியில் முந்திரி. அந்த முந்திரி மரமே போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்ததுதானாம்!

ஊர் திரும்பியதும், மாவுப் பண்டம் எதுவுமே படாத புதுத் தட்டு ஒன்று வாங்கினேன். ஓவனைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். கூம்பைப் பிழிந்தது என் பெண்தான். கோபுரங்கள் ஒன்றிரண்டு சாய்ந்திருந்தன, அதனால் என்ன? மாமியார் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அசல் தூத்துக்குடி ருசி!" என்றார். "பாட்டி, இது என் பேக்கரி" என்றாளே பார்க்கலாம்!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை ஏறாமை, தீராத சோகை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்தி விடாதீர்கள். நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். ஒதுக்கும்படி டாக்டர் சொல்லி விட்டால், வெளியில் எதை வாங்கினாலும் 'இதில் மைதா உண்டா?' என்பதோடு, 'மைதாவோடு சேர்த்துச் செய்கிறீர்களா?' என்றும் கேளுங்கள். எல்லாக் கடையிலும் அந்த அண்ணாச்சி இருக்க மாட்டார்.